சஹஸ்ரதாராவில் இலை எப்படிக் கல்லானது? ஊற்றுத் தண்ணீரும் டூஃபாவும்

மலைநடையன் | சனி, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. போன மாதம் டேராடூன் போயிருந்தபோது சஹஸ்ரதாராவுக்கும் ஒரு நடை போய்வந்தேன். பல்தி ஆற்றின் கரையில், மலைச்சரிவெங்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிற இடம். பாதையோரம் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உள்ளங்கை அளவு. கல் என்று சொன்னாலும் கையில் கனமே இல்லை, ரஸ்க் மாதிரி முழுக்க ஓட்டை. ஒரு பக்கம் இலையின் நரம்புகள் அப்படியே பதிந்திருக்கின்றன. இலை இல்லை, அதன் அச்சு மட்டும். இன்னொரு பக்கம் ஈர்க்குச்சி நுழையும் அளவுக்குக் குழாய் குழாயாகத் துளைகள். வினிகர் இரண்டு சொட்டு விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. ஆக, சுண்ணாம்பு என்பது வரை எனக்கே புரிகிறது.

கூட வந்த வழிகாட்டி, உப்பளத்தில் தண்ணீர் வற்றி உப்பு நிற்பது மாதிரிதான் இதுவும் என்றார். ஆனால் அங்கே எல்லாமே சதா நனைந்துதான் கிடக்கிறது. வற்றவே வற்றாத இடத்தில் எப்படிப் படியும்?

பாறைப்பித்தன் | சனி, இரவு 10:55

உங்கள் சந்தேகம் சரி, வழிகாட்டி சொன்னது தவறு. நீங்கள் எடுத்து வந்ததன் பெயர் டூஃபா. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டாகிற டஃப் வேறு, பெயர் ஒலியில் குழம்பிவிடாதீர்கள். டூஃபா உண்டாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆவியாக வேண்டியதில்லை. தண்ணீரிலிருந்து போவது வேறொன்று: கரியமில வாயு.

பள்ளியில் சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஊதினால் பால் மாதிரி வெளுக்கும். எங்கள் வாத்தியார் அத்தோடு நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வெள்ளை கரைந்து தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும். தெளிந்ததைச் சுட வைத்தால் திரும்ப வெளுக்கும். டூஃபாவின் வேதியியல் முழுக்க இந்தக் கடைசி இரண்டு படிகளில் இருக்கிறது.

மலையில் நடப்பதைப் பாருங்கள். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வந்தால் சுண்ணாம்புக் கல்லைப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டபடி இருப்பதால் மண் இடுக்குகளில் இருக்கும் காற்றில் அந்த வாயு 1 சதவீதம், சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கும். வெளிக்காற்றைப் போல 25 மடங்கு. அதைக் குடித்த தண்ணீர் கார்பானிக் அமிலமாகக் கீழே இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் விரிசல்களில் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து பைகார்பனேட்டாகச் சுமந்துகொண்டு போகிறது. பாறைக்குள் இருக்கும்வரை வாயு தப்பிக்க வழி இல்லை, கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். ஊற்றாக வெளியே வந்ததும் கோலி சோடாவை உடைத்த கதைதான். வாயு வெளியேறுகிறது, அமிலத்தன்மை குறைகிறது, இவ்வளவு சுண்ணாம்பைத் தாங்க அந்தத் தண்ணீருக்கு இனி வலு இல்லை. கீழே போட்டுவிடுகிறது.

கணக்கும் போட்டுவிடுகிறேன். 25 டிகிரியில், 1 சதவீத வாயுவோடு சமநிலைக்கு வந்த தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 60 மில்லிகிராம் கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும், பிஎச் (அமில-கார அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 7.3 பக்கம். அதே தண்ணீர் வெளிக்காற்றோடு சமநிலைக்கு வந்தால் 20 மில்லிகிராம்தான் நிற்கும், பிஎச் 8.3. நடுவில் இருக்கிற 40 மில்லிகிராம் கால்சியம், கார்பனேட்டாகப் படிந்தால் லிட்டருக்கு 0.1 கிராம் கல். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். நொடிக்கு 10 லிட்டர் வருகிற சிறிய ஊற்றுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 86 கிலோ. நிஜத்தில் முழுவதும் படியாது, பாதி படிந்தாலும் ஆண்டுக்கு 15 டன்னைத் தாண்டும்.

தென்காசிக்காரன் | ஞாயிறு, காலை 6:20

அப்படியென்றால் குற்றாலத்தில் ஏன் ஒரு துண்டு டூஃபாகூட இல்லை? காடு இருக்கிறது, மண் இருக்கிறது, அருவி வேறு.

பாறைப்பித்தன் | ஞாயிறு, காலை 7:05

எல்லாம் இருக்கிறது, கரைக்கச் சுண்ணாம்புதான் இல்லை. உங்கள் மலை நைஸ், சார்னோக்கைட் என்கிற பாறை வகைகள். அந்தப் பாறையிலிருந்து கால்சியம் மிக மெதுவாக, மிகக் கொஞ்சமாகத்தான் வரும். அருவித் தண்ணீரில் குளித்துவிட்டு சோப்பு எவ்வளவு நுரைக்கிறது என்று பாருங்கள், கால்சியம் குறைந்தால்தான் அப்படி நுரைக்கும். (சோப்புப் போடக்கூடாது என்று போர்டு வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.)

கிணற்றடி | ஞாயிறு, காலை 9:30

தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் பதினெட்டு வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பாறைப்பித்தன் ஐயா சொன்ன வாயு வெளியேற்றம் ஊற்றில் மட்டும் நடப்பதில்லை, மாதிரி எடுக்கிற கேனுக்குள்ளும் நடக்கும். அதில் நான் மாட்டியிருக்கிறேன்.

சுண்ணாம்புப் பாறைப் பகுதி ஒன்றில் ஆழ்குழாய்த் தண்ணீர் எடுத்தோம். அங்கேயே மீட்டரை வைத்துப் பார்த்தபோது பிஎச் 7.2. கேனை முக்கால்வாசி மட்டும் நிரப்பி, வெயிலில் ஜீப்பின் பின்னால் போட்டு, ஆய்வகத்தில் கொடுத்தோம். அவர்கள் ஐந்து நாள் கழித்துத் திறந்தார்கள். அறிக்கையில் பிஎச் 8.2, கால்சியமும் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மீட்டர் பழுது என்று எங்களைத் திட்டினார்கள். காலிக் கேனைத் திருப்பி வாங்கிப் பார்த்தால் அடியில் விரலால் தேய்க்கும் அளவுக்கு வெள்ளைப் படலம். கொஞ்சம் அமிலம் விட்டேன், நுரைத்தது. தொலைந்துபோன கால்சியம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு காற்றே இல்லாமல் வாய்வரை நிரப்புவது, பிஎச்சையும் காரத்தன்மையையும் ஊற்றடியிலேயே பார்த்துவிடுவது, கால்சியத்துக்கான பாட்டிலில் மட்டும் உடனே அமிலம் சேர்ப்பது என்று வழக்கமாக்கிக்கொண்டேன். காரத்தன்மை பார்க்கிற பியூரெட்டும் மெத்தில் ஆரஞ்சும் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது தொல்லைதான், வேறு வழி கிடையாது. ஊற்று நீர் பற்றிய அறிக்கை எதைப் படித்தாலும் பிஎச் எங்கே அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

மலைநடையன் | ஞாயிறு, காலை 10:10

அருமை ஐயா. இன்னொன்று. சஹஸ்ரதாராவில் கந்தக ஊற்று ஒன்று இருக்கிறது, பக்கத்தில் போனாலே அழுகிய முட்டை வாசம். தோல் நோய்க்கு நல்லது என்று ஆளாளுக்கு முழுகுகிறார்கள். இலையைக் கல்லாக்குவது அந்தக் கந்தகமா?

பாறைப்பித்தன் | ஞாயிறு, காலை 11:45

இல்லை. வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது கல்லைக் கட்டாது. ஆனால் அந்தப் பக்கத்து மலையில் சுண்ணாம்புக் கல்லோடும் டோலமைட்டோடும் ஜிப்சமும் (கந்தகம் சேர்ந்த கால்சியம் சல்ஃபேட்) உண்டு. ஜிப்சம் கரைந்தால் தண்ணீரில் கூடுதல் கால்சியம் சேர்கிறது, அதனால் வாயு கொஞ்சம் போனாலே படிவு தொடங்கிவிடும். கந்தகத்தின் பங்கு அந்தக் கொல்லைப்புற வழியில்தான்.

இந்த மலைகளின் சுண்ணாம்புக்கு வேறொரு கதையும் உண்டு. டூன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குவாரிகளை எதிர்த்த வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் பல குவாரிகளை மூடச் சொன்னது. ஊற்றுகளுக்குத் தண்ணீர் தேக்கி வைக்கிற பாறையையே வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது அன்று எழுந்த புகார்களில் ஒன்று.

வடலி | ஞாயிறு, மாலை 5:15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்தான், கேத்திலுக்குள் மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டு வெள்ளைப் படிவைக் கழற்ற வேணும். கீரிமலையில் நன்னீர் ஊற்று கடலோரம் பொங்கி வருகுது. அங்கே ஏன் இப்படி இலைக்கல் ஒன்றையும் நாங்கள் காணவில்லை?

பாறைப்பித்தன் | ஞாயிறு, மாலை 6:30

நல்ல கேள்வி. சுண்ணாம்பு உங்களிடம் தாராளம், கேத்திலே சாட்சி. கேத்திலில் நடப்பது இதே வினைதான், சூடு வாயுவை விரட்டுகிறது. கீரிமலையில் இல்லாதது சரிவு. தண்ணீர் கடல் மட்டத்திலேயே வெளிப்பட்டுக் கேணியில் தேங்கி, அப்படியே கடலோடு சேர்ந்துவிடுகிறது. தெறித்து, நுரைத்து, பாறைமேல் மெல்லிய படலமாக ஓடி வாயுவை இழக்க அதற்கு இடமோ நேரமோ இல்லை. கடல்நீரில் இருக்கும் மெக்னீசியமும் கால்சைட் படிகம் வளர்வதைத் தடுக்கும். இது என் கணிப்பு, யாராவது அங்கே பிஎச் அளந்திருந்தால் சொல்லட்டும்.

ஊற்றின் வாயிலேயே டூஃபா இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. குரோவேஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளைப் பாருங்கள். பெயர் சூட்டிய 16 ஏரிகள், ஒன்றின்கீழ் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் அணைகளை மனிதர் யாரும் கட்டவில்லை, எல்லாம் டூஃபா. ஆனால் அந்த ஏரிகளுக்குத் தண்ணீர் தருகிற கறுப்பு ஆறு, வெள்ளை ஆறு இரண்டின் ஊற்றுக்கண்ணில் டூஃபா கிடையாது. அங்கே தண்ணீரில் வாயு இன்னும் நிறைய இருக்கிறது. தூரம் ஓடி, வாயுவை இழந்து, பிஎச் 8-ஐத் தாண்டிய பிறகுதான் படியத் தொடங்குகிறது.

அப்போதும் உடனே படியாது. சமநிலையைத் தாண்டிய மறுகணமே சுண்ணாம்பு விழுந்துவிடும் என்று பாடப்புத்தகம் படித்தால் தோன்றும். அங்கே அளந்தவர்கள் கண்டது, தண்ணீர் தாங்கக்கூடிய அளவைப் போல மூன்று மடங்காவது மிகைநிறைவு வேண்டும் என்பது. கற்கண்டுப் பாகு மாதிரி. பாகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் நூல் ஒன்றைத் தொங்க விட்டால்தான் படிகம் சுலபமாகப் பிடிக்கும். ஊற்றில் அந்த நூல் பாசி, இலை, குச்சி. மலைநடையன், உங்கள் துண்டில் இருக்கிற இலை அச்சு அப்படி வந்தது. மேலே சுண்ணாம்பு போர்த்தியது, உள்ளே இலை மக்கிப் போனது, வெற்றிடம் நின்றது. குழாய்த் துளைகள் புல் தண்டும் பாசித் தண்டும் இருந்த இடங்கள். கனமில்லாததும் அதனால்தான்.

பாசிப்பச்சை | ஞாயிறு, இரவு 8:50

மன்னிக்கவும், இந்த இடத்தில் குறுக்கிட வேண்டியிருக்கிறது. பாசியை வெறும் நூலாக்கிவிட்டீர்களே! நான் தாவரவியல். பாசியும் நீலப்பசும்பாசியும் ஒளிச்சேர்க்கைக்காகத் தண்ணீரிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் சொன்ன அதே வாயு. அப்போது பிஎச் ஏறுவதும் சுண்ணாம்பு விழுவதும் அவற்றால்தானே? பிளிட்விட்சேயில் இதை முதலில் கவனித்தவரே ஒரு தாவரவியலாளர், இவோ பெவாலெக். எந்தப் பாசி எந்த வகை டூஃபாவைக் கட்டுகிறது என்று பிரித்துக் காட்டியவர்.

பாறைப்பித்தன் | ஞாயிறு, இரவு 9:35

கோபிக்காதீர்கள் அக்கா. வேகமாக விழுகிற தண்ணீரில் பாசி எடுக்கிற வாயுவைவிடக் காற்றுக்குப் போகிற வாயு பல மடங்கு அதிகம். பாசிக்கு இரவில் வேலை இல்லை. அருவி இரவிலும் விழுகிறது, வாயுவும் போகிறது. வெளிச்சமே இல்லாத குகைக்குள் சுண்ணாம்புத் தொங்கூசிகள் வளர்கின்றனவே, அங்கே எந்தப் பாசி?

பாசிப்பச்சை | ஞாயிறு, இரவு 10:20

தொங்கூசியை வளர்ப்பது மெதுவாகச் சொட்டுகிற சொட்டு, அது டூஃபாவே இல்லை. மலைநடையனின் துண்டு போன்ற ஓட்டைக் கல் குகைக்குள் எங்கே இருக்கிறது? நீங்கள் ஓடை முழுவதற்குமான வாயுக் கணக்கைச் சொல்கிறீர்கள், நான் பாசியின் தோலை ஒட்டிய ஒரு மில்லிமீட்டரைச் சொல்கிறேன். ஜெர்மனியின் டூஃபா ஓடைகளில் முடி போன்ற நுண்மின்வாய்களை நீலப்பசும்பாசிப் படலத்துக்குள் இறக்கி அளந்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் படலத்தின் மேற்பரப்பில் பிஎச் ஏறுகிறது, கால்சியம் இறங்குகிறது. விளக்கை அணைத்தால் அது நின்றுவிடுகிறது. தண்ணீர் எவ்வளவு மிகைநிறைவாக இருந்தாலும், எந்த இடத்தில், எந்த நேரத்தில் படிகம் பிடிக்கும் என்பதை அந்த மெல்லிய படலம் தீர்மானிக்கிறது.

பாறைப்பித்தன் | ஞாயிறு, இரவு 11:10

சரி, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரைத் தயார் செய்வது வாயு வெளியேற்றம், அந்தக் கடைசி மில்லிமீட்டர் உங்களுடையது. தேங்கிய, மெதுவாக ஓடுகிற தண்ணீரில் உங்கள் பங்கு இன்னும் கூடும் என்பதையும் தருகிறேன். அருவி விளிம்பை மட்டும் விட்டுத்தர மாட்டேன். அங்கே தண்ணீர் மெல்லிய படலமாகக் கொந்தளித்து ஓடுகிறது. அதிகமாக வாயு போகிறது, படிகப் பரப்பை ஒட்டி நிற்கிற அசையா நீர்ப்படலமும் மெலிந்து அயனிகள் சீக்கிரம் போய்ச் சேர்கின்றன. ஆகவே விளிம்பு உயர்கிறது. உயர்ந்தால் பின்னால் குளம் தேங்குகிறது, விளிம்பில் தண்ணீர் இன்னும் மெல்லியதாக வழிகிறது, இன்னும் உயர்கிறது. பிளிட்விட்சேயின் ஏரிகள் அத்தனையும் இப்படித் தன்னைத்தானே உயர்த்திக்கொண்ட விளிம்புகளுக்குப் பின்னால் தேங்கியவை. கோஸ்யாக் ஏரிக்குள்ளேயே பழைய அணை ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. கீழே இருந்த அணை வேகமாக வளர்ந்து, மேலே இருந்ததை முழுங்கிவிட்டது.

பாசிப்பச்சை | ஞாயிறு, இரவு 11:25

அந்த விளிம்பில் படர்ந்து நிற்பது யார் என்று ஒரு படம் போட்டுப் பாருங்கள் தம்பி. 🙂

கிணற்றடி | திங்கள், காலை 8:00

உங்கள் சண்டைக்கு நடுவில் ஒன்று. பாஸ்பேட் ஒரு சிட்டிகை கலந்தாலே கால்சைட் படிகத்தின் வளர்ச்சி முடங்கும். கொதிகலன் வைத்திருக்கிறவர்கள் உப்புப் படியாமல் இருக்க வேண்டுமென்றே பாஸ்பேட் சேர்ப்பார்கள். வயல் உரமும் சாக்கடையும் சேர்ந்தால் டூஃபா ஓடைக்கும் அதே மருந்து கிடைக்கிறது. கரைந்த கரிமப் பொருள் கூடினாலும் அதே கதை. பிளிட்விட்சே ஆய்வில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரிமக் கார்பனுக்கு மேல் போன இடங்களில் படிவு நடக்கவில்லை. அங்கே ஏரியில் குளிக்கவே தடை என்பது சும்மா கெடுபிடி இல்லை. நம் ஊர் ஆட்கள் சஹஸ்ரதாராவில் ஷாம்பு பாக்கெட் கிழிக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

தென்காசிக்காரன் | திங்கள், காலை 8:40

எங்கள் ஊர்த் தேரிக்காட்டுப் பக்கம் போர் போடும்போது மண்ணுக்குள் கட்டி கட்டியாக வெள்ளைச் சுக்கான் கல் வரும். அதுவும் டூஃபாவா? துருக்கியில் வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாக ஒரு மலை இருக்கிறதே, அது?

பாறைப்பித்தன் | திங்கள், மதியம் 1:15

சுக்கான் கல் ஒன்றுவிட்ட தம்பி. வறண்ட மண்ணுக்குள் ஈரம் ஆவியாகி, வாயுவும் போய், சுண்ணாம்பு கட்டி கட்டியாகத் திரள்கிறது. உங்கள் வழிகாட்டியின் உப்பளக் கதை அங்கே ஓரளவு செல்லும், மலைநடையன்.

துருக்கியில் இருப்பது பாமுக்கலே, வெந்நீர் ஊற்று. அங்கே மண்ணின் மூச்சு இல்லை, பூமியின் ஆழத்திலிருந்து வருகிற வாயு. சூடும் வாயுவும் அதிகம் என்பதால் ஊற்றடியிலிருந்தே சுண்ணாம்பு வேகமாகக் கொட்டும், செடிகொடி குறைவு, கல் கெட்டி. அதை டிராவர்டைன் என்பது வழக்கம். ரோமுக்குப் பக்கத்து டிவோலியில் வெட்டிய அந்த வகைக் கல்லில்தான் கொலோசியம் கட்டினார்கள். சாதாரண வெப்பநிலைத் தண்ணீர், பாசி, இலை, ஓட்டை என்றால் டூஃபா. சிலர் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார்கள், அதற்காகச் சண்டை வேண்டாம், நேற்று போட்டதே போதும்.

இங்கிலாந்தில் நேர்ஸ்பரோ என்ற ஊரில் இப்படிப்பட்ட கிணற்றுச் சுவர் ஒன்றைக் காட்டி 1630-லிருந்து காசு வாங்குகிறார்கள். அதன்மேல் வழிகிற தண்ணீரில் கரடி பொம்மைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். சில மாதங்களில் பொம்மை கல்லாகிவிடும்.

மலைநடையன் | புதன், இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வீட்டில் சோதனை நடக்கிறது. முட்டை ஓட்டைச் சவ்வு உரித்து, மிக்சியில் பொடித்து, சோடா பாட்டிலில் கொட்டினேன். பாதி சோடா பொங்கி மேடை முழுக்க வழிந்துவிட்டது. பொடி விழுந்ததும் வாயு பிடிக்க ஆயிரம் முனை கிடைத்துவிட்டது போலிருக்கிறது, இதுவும் உங்கள் கற்கண்டு நூல் பாடம்தான். வீட்டில் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது முறை பாட்டிலை ஃபிரிஜ்ஜில் நன்றாகக் குளிர வைத்து, சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, உடனே மூடியை இறுக்கி இரவு முழுக்க விட்டேன். காலையில் காபி வடிகட்டும் தாளில் இரண்டு தடவை வடித்தால் தெளிந்த தண்ணீர். அடுப்பில் வைத்தேன். குமிழ் வந்தது, கொஞ்ச நேரத்தில் கஞ்சித் தண்ணீர் மாதிரி மங்கியது. ஆறவிட்டதும் பாத்திரத்தின் அடியில் மெல்லிய வெள்ளை. வினிகர் விட்டேன், நுரைத்தது.

கிணற்றடி | புதன், இரவு 10:30

சபாஷ். சோடா பாட்டிலின் லேபிளைப் பார்த்தீர்களா? சில கம்பெனி சோடாவில் சோடியம் பைகார்பனேட் சேர்த்திருப்பார்கள், அதில் சுண்ணாம்பு குறைவாகத்தான் கரையும். சேர்க்காததை வாங்கி இன்னொரு முறை செய்யுங்கள். வடித்த தண்ணீரைச் சுட வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றி, நடுவில் ஒரு பாசித் துணுக்கைப் போட்டு, தட்டை மூடாமல் வையுங்கள்.

பாசிப்பச்சை | புதன், இரவு 10:34

இரண்டு தட்டு வையுங்கள். ஒன்று ஜன்னலோரம், ஒன்று இருட்டு அலமாரிக்குள். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள், பாறைப்பித்தன் தம்பியும் வந்து பார்க்கட்டும்.